தலைகீழாய் வாசிக்கத் தெரிந்தவர்

தட்டில் வந்து விழுகிற முதல் துண்டைக் கிளறன்ஸ் உடனே வாயில் போடமாட்டார். இரண்டு விரலால் தூக்கி, காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து விநாடி இருப்பார். கொழுப்பு இன்னும் பொரிந்துகொண்டிருந்தால் தலையை ஆட்டுவார். "தாம கதா கரணவா," என்பார் சிங்களத்தில், இன்னும் கதைக்கிறதாம். கதைக்கிற இறைச்சிதான் தின்கிற இறைச்சி என்பது அவருடைய கட்சி. அடங்கிப்போன துண்டென்றால் எதிரே இருக்கும் விஜேபாலவின் தட்டுக்குத் தள்ளிவிடுவார். விஜேபால அதை எடுத்துத் தின்பார். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

கொழும்புக்கு வெளியே, நுகேகொடை தாண்டி, பெரிய வீதியிலிருந்து வயல் பக்கமாக இறங்கும் கிரவல் பாதையின் முடிவில் அந்தக் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. கிடுகுக் கூரை, சாணம் மெழுகிய தரை, தென்னங்குற்றிகளின்மேல் பலகை அறைந்த நாலு மேசை. வெளியே, தீப்பொறி கூரைக்கு எட்டாத தூரத்தில், தார்ப் பீப்பா ஒன்றை நெடுக்காகப் பிளந்து கால் வைத்த அடுப்பு. அதில் சிரட்டைக்கரி வெள்ளை பூத்துக் கனன்றுகொண்டிருக்கும். மிளகும் உப்பும் கொறுக்காய்ப்புளியும் தடவி ஒரு பகல் ஊறிய பன்றியிறைச்சியைக் கம்பி வலையில் பரப்பிச் சுடுவார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் பாதி. கூடவே பாண். வேறென்ன இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரி சுமனா சிரிப்பாள். மழை மாதங்களில் வயல் தவளைகளுக்கு மேலாகக் கத்தித்தான் கதைக்கவேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம், மூன்று பேர் அங்கே இருப்பார்கள். மூவருக்கும் வேலை ஒரே கப்பல் ஏஜென்சியில். விஜேபால களஞ்சியத்துக்குப் பொறுப்பு. பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். கடை அவருடைய ஊர்ப்பக்கம். டோரின் தட்டச்சுக்காரி, பறங்கிப் பெண், புருஷனை இழந்தவள், கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மூன்றாவது ஆள் கிளறன்ஸ். துறைமுகத்தில் சரக்கு மீட்கிற கிளாக்கர்.

சரக்கு மீட்கிறவனுக்குக் கை எழுதத் தெரிந்தால் போதாது, கண்ணும் வேலை செய்யவேண்டும். சுங்கத்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அதிகாரிக்கு முன்னால் விரிந்து கிடக்கும் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். கிளறன்ஸ் எந்தக் கடதாசியையும் தலைகீழாக வாசிப்பார். மூன்று மொழியிலும் வாசிப்பார். அதிகாரி வாய் திறக்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பார். பதிலோடு ஒரு சிரிப்பும் இருக்கும். உதடு மட்டும் அகலும் சிரிப்பு. இருபத்தாறு வருடத்தில் அந்தச் சிரிப்பு அவருக்கு எத்தனையோ பூட்டுகளைத் திறந்து கொடுத்திருக்கிறது.

"கரைச்சல் எடுக்கப்படாது", வம்பை இழுக்கப்படாது, என்பதுதான் அவர் வாயில் எந்நேரமும். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம், கறியில் உப்பில்லாத நாளில், மகனுக்குப் புத்தி சொல்லும்போது, எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். அவருடைய சிங்களம் நீர்கொழும்புக் கரையோரத்துச் சிங்களம். கண்ணை மூடிக் கேட்டால் யாரும் வித்தியாசம் பிடிக்கமுடியாது. கண்ணைத் திறந்தாலும் முடியாது. அடையாள அட்டையில் சந்தியாப்பிள்ளை கிளறன்ஸ் என்று இருந்தது. சுமனாவின் கடையில் அவர் வெறும் கிளறன்ஸ் மஹத்தயா. நீர்கொழும்புச் சிங்களக் கத்தோலிக்கர் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். கிளறன்ஸ் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவள் நினைப்பைத் திருத்தவுமில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் விஜேபால தன் வீட்டுப் பின்னறையில் கிளறன்ஸையும் மனைவி நேசத்தையும் பிள்ளையையும் ஒன்பது நாள் வைத்திருந்தார். வாசலில் நின்று, "என் வீட்டில் யாருமில்லை" என்று ஒரு கூட்டத்துக்கே சொன்ன மனிதர். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுத்ததில்லை, கிளறன்ஸும் எடுத்ததில்லை. அடுத்த வருடம் விஜேபால, "நல்ல இறைச்சிக் கடை ஒன்று இருக்கிறது, வா" என்று கூப்பிட்டபோது கிளறன்ஸ் மறுபேச்சில்லாமல் வேனில் ஏறினார்.

இறைச்சி சுடுகிறவனின் பெயர் இருளப்பன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சுமனாவிடம் சேர்ந்தவன், முப்பது வயதிருக்கும். அடுப்படிக்கு வேண்டிய அளவு சிங்களம் தெரியும். கரியை ஊதுவதில்லை, ஒரு பழைய காலண்டர் அட்டையால் ஓரமாக விசிறுவான். தோல் மொறுமொறுத்து உள்ளே சாறு நிற்கும் பதம் அவன் கைக்குத்தான் தெரியும்.

அவன் வந்த புதிதில் ஒருநாள், பதம் பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போன கிளறன்ஸ் பீப்பாவின் விளிம்பில் கையை வைத்துவிட்டார். "ஐயோ, சுட்டுப்போட்டுது" என்று வாய் தமிழில் சொல்லிவிட்டது. இருளப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா தமிழுங்களா?" என்று கேட்டான்.

"மொகத?" என்றார் கிளறன்ஸ். என்னது என்று சிங்களத்தில்.

இருளப்பன் மறுபடி கேட்கவில்லை. அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினான். ஆனால் அன்றிலிருந்து மேசைக்கு வரும் தட்டில் ஓரத்து மொறுமொறுத் துண்டு கிளறன்ஸின் பக்கமாகவே திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நாலு வருடமாக அப்படித்தான். அது ஏன் என்று இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் சொல்லிக்கொண்டதில்லை.

தொண்ணூற்றாறு ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற புருஷனை நேசம் வாசலில் மறித்தாள்.

"இந்த நிலைமையில எங்க வெளிக்கிடுறியள்? தாறுமாறாப் பிடிக்கிறாங்களாம்."

"போகாட்டித்தான் ஏன் வரேல்லை எண்டு கேப்பினம்," என்றார் கிளறன்ஸ். "கரைச்சல் எடுக்காத, நேசம்."

போன வருடம்தான் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், விடியும்வரை பொலிஸில் சீமெந்துத் தரையில் குந்த வைத்திருந்தார்கள். ஏஜென்சி முகாமையாளரின் கடிதம் வந்த பிறகுதான் விட்டார்கள். அதைப் பற்றி அவர் அலுவலகத்தில் ஒரு பகிடி மட்டும் சொன்னார். டோரின் சிரித்தாள். நேசத்துக்கு மட்டும் தெரியும், அதன் பிறகு ஜீப் சத்தம் கேட்டால் அவர் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிடுவார் என்று.

கடையில் அன்று அவர்களைத் தவிர வேறு ஆளில்லை. முதல் தட்டு வந்தது. கிளறன்ஸ் காதில் வைத்துக் கேட்டார், தலையாட்டினார். விஜேபால வெங்காயத்தின்மேல் தேசிக்காய் பிழிந்தார். டோரின் இஞ்சிச் சோடாவைத் திறந்தாள். வயலுக்கு மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்போதுதான் கிரவல் பாதையில் ஜீப் இறங்கி வந்தது.

ஒரு பொலிஸ் சாஜன், இரண்டு கொன்ஸ்தபிள்மார். சாஜனுக்கு ஐம்பது வயது இருக்கும், தூக்கமில்லாத கண்கள். சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். தோட்டத்துத் தமிழன் ஒருவன் இங்கே பொலிஸில் பதியாமல் இருப்பதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

இருளப்பனிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்ததற்கான துண்டும், தோட்டத்துத் துரை கொடுத்த கடிதமும் இருந்தன. சுமனா முன்னுக்கு வந்தாள். நாலு வருடமாகத் தன்னிடம்தான் இருக்கிறான், குடிப்பதுகூட இல்லை, ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை என்றாள். சாஜன் கடிதத்தைப் பார்த்தார். "சரி, இது பரவாயில்லை," என்றார். கொன்ஸ்தபிள் ஒருவன் பின்பக்கம் போய் இருளப்பனின் தகரப் பெட்டியைக் கிளறிவிட்டு, கையில் ஒரு கொப்பியோடு வந்தான்.

வெளிச்சம் அந்த மேசையில்தான் விழுந்தது. சாஜன் வந்து, தட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கொப்பியை மேசை விளிம்பில் விரித்து வைத்தார். கிளறன்ஸுக்கு எதிர்ப்பக்கம். பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்து. ஓரத்தில் பேனாவால் ஒரு வில்லும் அம்பும் வரைந்திருந்தது. அடுத்த பக்கத்தில் ஆட்களின் பட்டியல்போல இலக்கமிட்ட பன்னிரண்டு வரிகள்.

"என்ன இது? யார் இந்தப் பன்னிரண்டு பேர்?"

"சிந்து சேர்," என்றான் இருளப்பன். பாட்டு என்கிறான். "நாடகம... கம தேவாலே..." கோயிலில் ஆடுகிற கூத்து என்று சொல்லப் பார்த்தான். சிங்களம் போதவில்லை. கையால் வில் வளைப்பதுபோலக் காட்டினான். அது இன்னும் மோசமாகிப் போயிற்று. கொன்ஸ்தபிள் அவன் கையைத் தட்டிவிட்டான்.

கிளறன்ஸ் வாசிக்க நினைக்கவில்லை. கண் தன்பாட்டில் வாசித்தது. அதற்குப் பழகிய வேலை. தலைகீழாக, பக்கத்தின் தலைப்பு: *காமன் கூத்து, ரதி புலம்பும் பாட்டு*. அதன்கீழே, *சாம்பலாகிப் போனவனே, சந்தனம் யாருக்குப் பூசுவேன்* என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில், *காமன்: முனியாண்டி. ரதி: செல்லமுத்து. ஈசன்: இருளப்பன். தப்பு அடிப்பவர்கள்* என்று தொடங்கிப் பன்னிரண்டு பேர். தோட்டத்தில் மாசி மாதம் ஆடுகிற ஆட்டம். அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

சாஜன் பெருமூச்சு விட்டார். நியாயமான மனிதர்தான். "இதை ஒருவர் வாசித்துச் சொன்னால் இங்கேயே முடித்துவிட்டுப் போய்விடுவேன். எனக்கும் வேலை குறையும்," என்றார். பிறகு மேசையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"மெத்தன தெமள கியவன்ன புளுவன் கவுருத் இன்னவாத?"

இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா.

விஜேபால தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் சாறு முடிந்து வெகுநேரம். டோரின் கிளறன்ஸைப் பார்த்தாள். நேராக, கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

கிளறன்ஸின் தலைக்குள் எல்லாம் வரிசையாக ஓடியது. வாசிப்பார். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அட்டை வெளியே வரும். சந்தியாப்பிள்ளை. கொட்டாஞ்சேனை. கொட்டாஞ்சேனைத் தமிழனுக்கு வயல் நடுவே இந்தக் கொட்டிலில் என்ன வேலை? இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? சுமனா வாயைப் பிளந்து பார்ப்பாள். பிறகு சீமெந்துத் தரை. மகனுக்குப் பத்தொன்பது வயது. அடுத்து அவனைத் தேடுவார்கள். எல்லாம் நியாயமான பயம். ஒவ்வொன்றும் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், அவர் நினைத்து முடிக்கும் முன்பே, உதடு அகன்றுவிட்டது. சுங்கத்துச் சிரிப்பு. தலை இடமும் வலமுமாக ஆடியது.

"நாங்கள் கப்பல் கந்தோர் ஆட்கள்," என்றார் விஜேபால சாஜனிடம்.

சாஜன் இருளப்பன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது? இங்கே சாப்பிட வருகிறவர்களில்?"

இருளப்பன் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. தணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நே சேர். தெமள மினிஸ்ஸு மெஹெ என்னே நே."

தமிழ் ஆட்கள் இங்கே வருவதில்லை என்றான்.

ஜீப்பில் ஏற்றும் முன் அவன் ஒன்று கேட்டான். வலையில் கிடக்கும் இறைச்சி கருகிவிடுமாம்; திருப்பிப் போட்டுவிட்டு வரட்டுமா என்று. சாஜன் தலையசைத்தார். ஒவ்வொரு துண்டாகத் திருப்பினான். அவசரப்படாமல் திருப்பினான். அதன் பிறகுதான் போனான்.

சுமனா அழுதுகொண்டே அந்த இறைச்சியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். உடனே எழுந்து போவது சரியாக இராது என்று விஜேபால முணுமுணுத்தார். அவர் இரண்டு துண்டு தின்றார். கிளறன்ஸும் ஒன்றை எடுத்தார். காதில் வைத்துப் பார்க்காமல் வாயில் போட்டு மென்றார். நல்ல பதம். அதுதான் அவருக்குப் பிறகு பலநாள் தாங்கமுடியாமல் இருந்தது. அது நல்ல பதமாக இருந்தது. டோரின் தட்டைத் தொடவில்லை.

வேன் நுகேகொடைப் பக்கம் திரும்பியது. சந்தி வந்ததும் விஜேபால கண்ணாடி வழியாகப் பார்த்து, "நல்ல வேலை செய்தாய், மச்சான். உன்னையும் ஏற்றியிருப்பாங்கள்," என்றார் சிங்களத்தில். மனதாரச் சொன்னார்.

"தாங்க்ஸ், மச்சான்," என்றார் கிளறன்ஸ்.

நன்றி சொன்ன வாயை வீட்டுக்கு வந்து மூன்று தரம் கொப்புளித்தார். என்ன நடந்தது என்று நேசம் கேட்டாள். இறைச்சி சரியில்லை என்றார்.

திங்கட்கிழமை டோரின் அவருடைய மேசைக்கு வந்தாள். வழக்கமாக மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு கதைப்பவள். அன்று நிமிர்ந்து நின்றாள். "எனக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, கிளறன்ஸ்," என்றாள் ஆங்கிலத்தில். "ஐம்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். சனிக்கிழமைதான் முதல் தடவையாக அதற்காகக் கவலைப்பட்டேன்." அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. கடிதங்களை முன்போலவே பிழையில்லாமல் தட்டச்சடித்துக் கொடுத்தாள்.

அதே திங்கள் மத்தியானம் கிளறன்ஸ் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனார். சிவபாதசுந்தரம் என்கிற சட்டத்தரணி அவருக்குத் தெரிந்தவர். நீதிமன்றச் சந்தடிக்குள் ஒடுங்கிய ஓர் அறையில் இருந்தார். அவரிடம் கிளறன்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். கொப்பியில் என்ன இருந்தது என்று வரிவரியாகச் சொன்னார்.

"இதையெல்லாம் ஆர் பாத்தது?" என்று கேட்டார் சிவபாதசுந்தரம்.

"என்ர சிநேகிதர் ஒருத்தர். அவர் அங்க சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்."

"அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு வாரும். ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுத்தா எனக்குப் பெரிய உதவி."

"அவர் வரமாட்டார்."

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை கிளறன்ஸைப் பார்க்கவில்லை. "உம்மட சிநேகிதருக்கு என்ன பயமெண்டு எனக்கு விளங்குது. நானும் வெள்ளவத்தையில இருக்கிறவன்தான். ஆனா எனக்கு அவர்ர கையெழுத்துத்தான் வேணும். அவர்ர பயத்தை நான் கோட்டில குடுக்கேலாது."

"கேட்டுப் பாக்கிறன்," என்றார் கிளறன்ஸ். வெளியே வந்தார். வெயிலில் புறக்கோட்டை வரைக்கும் நடந்தே போனார். கேட்கவேண்டிய ஆளிடம் அவர் அடுத்த பதினொரு மாதமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆள் அசையவில்லை.

வழக்கைச் சிவபாதசுந்தரம் ஏற்றுக்கொண்டார். தவணைக்கு மேல் தவணை. இருளப்பன் மறியல் சிறையில் இருந்தான். தவணை நாட்களில் கிளறன்ஸ் துறைமுகத்து வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் புதுக்கடைக்குப் போவார். நீதிமன்ற விறாந்தையில் ஒரு தூணோடு நிற்பார். மறியல் பஸ் வரும், கம்பிக்குப் பின்னால் தலைகள் தெரியும், இறக்குவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். தவணை தள்ளிப் போயிருக்கும். அவர் வந்த வழியே திரும்பிவிடுவார். ஒருதடவைகூட முன்னுக்குப் போய் நின்றதில்லை.

முதல் சனிக்கிழமைகளில் விஜேபாலவோடு கடைக்கும் போனார். போகாமல் விட்டால் காரணம் சொல்லவேண்டும். விஜேபாலவிடம் சொல்லக்கூடிய காரணமாக அவரிடம் எதுவும் இல்லை. ஒன்பது நாள் வாசலில் நின்ற மனிதரிடம் எதைச் சொல்வது? அடுப்பில் இப்போது வேறொருவன். கரியை ஊதி ஊதிச் சாம்பலை இறைச்சியில் ஏற்றினான். வெளியே கருகி உள்ளே இரத்தம் நின்றது. சுமனாவும் மாறிப்போயிருந்தாள். யாரோ அவளைப் பயப்படுத்தியிருக்கவேண்டும். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, "புலியாம், மஹத்தயா. நாலு வருடம் என் கூரைக்குக் கீழே படுத்திருந்தான். நினைத்தால் உடம்பு நடுங்குது," என்றாள். விஜேபால வயலைப் பார்த்தார். கிளறன்ஸ் பாணைப் பிய்த்து இரத்தச் சாற்றில் தொட்டார். "அனே," என்றார். அந்த அனுதாபம் யாருக்கு என்று சுமனா கேட்கவில்லை.

மறு வருடம் ஜூலையில் ஒரு நாள் வழக்கு உண்மையிலேயே எடுக்கப்பட்டது. நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர், தலை நரைத்த மனிதர், கொப்பியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். ரதியின் புலம்பலில் இரண்டு அடி வாசித்து, சிங்களத்தில் சொன்னார். பெயர்ப்பட்டியலை வாசித்து, இன்னார் இன்ன வேஷம் என்றார். நீதவான், "இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இவ்வளவுதான்," என்றார் மொழிபெயர்ப்பாளர். ஐந்து நிமிடம் ஆகவில்லை. தூணோடு நின்ற கிளறன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.

மத்தியானத்துக்குள் இருளப்பனை விட்டார்கள். சிவபாதசுந்தரம் அவனைக் கிளறன்ஸ் நின்ற இடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தார். "இவர்தான் முதல்ல வந்து சொன்னவர்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். இருளப்பன் பாதியாகிப் போயிருந்தான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. கும்பிட்டான்.

கிளறன்ஸ் அவனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். வக்கீல்மாரின் கிளாக்கர்களும் சாட்சிக்காரரும் நெருக்கியடித்துக்கொண்டு தின்கிற இடம். மூலையில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. சோறும் மீன்கறியும் வந்தன. இருளப்பன் முதல் வாயை வெகுநேரம் மென்றான்.

"ஆடு மாடு இறைச்சி ஏதும் வேணுமோ?" என்று கேட்டார் கிளறன்ஸ். அவனோடு அவர் பேசிய முதல் தமிழ் அதுதான். பேசிய பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

"வேணாங்கய்யா. சோறே போதும்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். கிளறன்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அண்டைக்கு, இருளப்பன்..." என்று தொடங்கினார்.

"ஐயா தவணைக்குத் தவணை வந்தீங்க. தூணுக்குப் பின்னாடி நின்னீங்க. பஸ்ஸுக்குள்ளருந்து பார்ப்பேன்," என்றான் இருளப்பன். அவன் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவன் பேசுகிற குரல். "உங்களக் காட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனான்னு யோசிச்சேங்கய்யா. உள்ள வேற வேல இல்லையே, அதையேதான் யோசிச்சேன். உங்களையும் சேத்து ஏத்தியிருப்பாங்கன்னு ஒருநா தோணும். இல்லன்னு ஒருநா தோணும்." சோற்றை உருட்டினான். "தப்பிச்சிருப்பேன்தாங்கய்யா. அந்தச் சாஜன் நல்ல மனுசன். விட்டிருப்பாரு."

கிளறன்ஸ் சிரிக்கப் பார்த்தார். உதடு வரவில்லை.

"அப்ப ஏன் காட்டேல்லை?"

"நீங்க வேணாம்னு சொன்னவருங்களே. கை சுட்ட அன்னைக்கே சொல்லிட்டீங்களே." மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

பிறகு அவன் ஊர்க் கதை சொல்லத் தொடங்கினான். பதினொரு மாதம் பூட்டிக்கிடந்த பேச்சு. கடைச் சந்தடியில் தன் குரல் கேட்கவேண்டும் என்று உரக்கவே பேசினான். தான் உள்ளே இருந்தது தாய்க்கு இன்னும் தெரியாது; கொழும்பில் வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று தங்கச்சி சொல்லி வைத்திருக்கிறாளாம். இந்த வருடம் ஆட்டத்துக்கு ஈசன் வேஷம் யார் கட்டினார்களோ தெரியாது. முனியாண்டிக்கு வயசாகிவிட்டது. பின்னேர ரயிலைப் பிடித்தால் ராத்திரிக்குள் தலவாக்கலைக்குப் போய்விடலாம்.

வாசல் வெளிச்சம் மறைந்தது. இரண்டு கொன்ஸ்தபிள்மார் உள்ளே வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பக்கத்து வாங்குப் பலகையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து, தேநீருக்குச் சொன்னார்கள். நீதிமன்றக் காவலுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு எவரிலும் அக்கறை இல்லை. இருளப்பன் அவர்களுக்கு முதுகு காட்டி இருந்தான்.

"அம்மாவுக்கு ஒரு சேல வாங்கணுங்கய்யா, வெறுங்கையோட போனா..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளறன்ஸின் இடது கை மேசைக்குக் குறுக்கே போனது. தட்டுகளைத் தாண்டிப் போய், இருளப்பனின் மணிக்கட்டின்மேல் விழுந்து அழுத்தியது.

இருளப்பன் பாதிச் சொல்லில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையின்மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தான். கொன்ஸ்தபிள்மாரின் தேநீர் வந்து, அவர்கள் அதை ஆற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து போகும்வரை, கிளறன்ஸ் அதை எடுக்கவில்லை.